டிஷ்வாஷரை நாமே மாட்டலாமா, ஆளைக் கூப்பிடுவதா?

டிஷ்வாஷர் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த வீடுகளும் இப்போது வாங்குகின்றன. பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த குழப்பம். கம்பெனி ஆள் வர நாலைந்து நாள் ஆகும் என்கிறார்கள். வீடியோவில் பார்த்தால் இரண்டு குழாய், ஒரு பிளக், அவ்வளவுதான் வேலை என்று தோன்றுகிறது. நாமே மாட்டிவிடலாமா, காத்திருக்கலாமா, தெருமுனை பிளம்பரைக் கூப்பிடலாமா என்று கேட்பவர்களுக்காக இந்த ஒப்பீடு.

மிஷினை மாட்டும் வேலை உண்மையிலேயே சின்ன வேலைதான். தண்ணீர் ஹோஸின் நட்டைக் கையால் முறுக்க வேண்டும், கழிவு ஹோஸைச் செருக வேண்டும், பிளக்கைப் போட வேண்டும், கால்களைச் சமன் செய்ய வேண்டும். சிக்கல் எல்லாம் அந்த ஹோஸும் பிளக்கும் போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. நம் ஊர் சமையலறைகளில் பெரும்பாலானவை டிஷ்வாஷரை நினைத்துக் கட்டப்பட்டவை அல்ல. ஆகவே யார் மாட்டுவது என்று பார்ப்பதற்கு முன் கரண்ட் பாயிண்ட், தண்ணீர் பாயிண்ட், கழிவு பாயிண்ட் மூன்றும் தயாரா என்று பார்க்க வேண்டும். தயார் என்றால் எந்த வழியில் போனாலும் நன்றாகவே முடியும். தயாரில்லை என்றால் கம்பெனி ஆள் வந்தாலும் கைபிசைந்துவிட்டுத் திரும்பிப் போவார்.

இங்கே சொல்வதெல்லாம் தரையில் தனியாக நிற்கும் 60 செ.மீ. அகல மிஷினுக்கு, அதாவது 12 முதல் 14 செட் (ஒரு செட் என்பது ஒருவர் சாப்பிடும் பாத்திரங்கள்) பிடிக்கும் வகைக்கு.

## எதை வைத்து முடிவெடுப்பது

### கரண்ட்

தண்ணீரைச் சுடவைக்கும் ஹீட்டர் ஓடும்போதுதான் மிஷின் அதிகக் கரண்ட் இழுக்கும். 1,800 முதல் 2,400 வாட் வரை போகும். 2,400 வாட் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 10.4 ஆம்பியர். மிக்ஸி ஓடும் 6 ஆம்பியர் பாயிண்டில் கன்வர்ஷன் பிளக் வைத்துச் செருகினால் முதல் நாள் ஓடிவிடும். ஹீட்டர் ஒரு தடவைக்குப் பல நிமிடங்கள் விடாமல் இழுப்பதால் சாக்கெட்டின் உட்பக்கம் நாளாவட்டத்தில் கருகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இதே கதைதான்.

வேண்டியது இவ்வளவு: 16 ஆம்பியர் சாக்கெட், டிபி பாக்ஸிலிருந்து (வீட்டின் கரண்ட் பிரியும் பெட்டி) தனியாக வரும் 2.5 சதுர மி.மீ. காப்பர் ஒயர், அந்த லைனுக்கென்று 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானாக விழும் ஸ்விட்ச்), 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் ஸ்விட்ச்). "தனியாக" என்பது முக்கியம். ஏற்கெனவே உள்ள 16 ஆம்பியர் பாயிண்டில் இண்டக்‌ஷன் அடுப்பும் இருந்தால், இரண்டும் சேர்ந்து 4,000 வாட்டைத் தொடும். அது 17 ஆம்பியருக்கு மேல். சமையல் பாதியில் எம்சிபி விழலாம்.

பலர் விட்டுவிடுவது எர்த். ஸ்டீல் உடம்பு, உள்ளே தண்ணீர், நனைந்த கையோடு கதவைத் திறக்கும் மனிதர் என்று மூன்றும் சேரும் இடம் இது. பழைய வீடுகள் பலவற்றில் சாக்கெட்டின் மேல் ஓட்டைக்கு, அதாவது எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. அதைவிட மோசமானது, எர்த் ஒயர் இல்லாத குறையை மறைக்க சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு துண்டு ஒயரை இணைத்து வைத்திருப்பது. அப்படி இணைத்த வீட்டில் நியூட்ரல் எங்காவது அறுந்தால் மிஷினின் உடம்பு முழுவதும் ஃபேஸ் ஏறிவிடும்.

மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் மூன்று அளவு எடுக்க வேண்டும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 பக்கம் வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரண்டு வோல்ட்டுக்குள் இருப்பது இயல்பு. அதே லைனில் ஒரு பெரிய சாதனத்தை ஓடவிட்ட பிறகும் அந்த மூன்றாவது அளவு கொஞ்சமும் அசையாமல் சுழியத்திலேயே நின்றால், சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர் இதில் கைவைக்க வேண்டாம். எலக்ட்ரீஷியனுக்கு ஐந்து நிமிட வேலை.

பிளக் பாயிண்ட் மிஷினுக்கு நேர்பின்னால் இருக்கக் கூடாது. பக்கத்து அலமாரிக்குள், கை எட்டும் இடத்தில் வேண்டும். கசிந்தால் முதலில் நிறுத்த வேண்டியது கரண்ட். அதற்காக 45 கிலோ மிஷினை இழுத்துக்கொண்டிருக்க முடியாது.

### தண்ணீர் வரத்து

இரண்டு விஷயம்: அழுத்தம், கடினத்தன்மை.

பல மிஷின்களின் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் 0.5 பார், அதிகபட்சம் 10 பார் என்று இருக்கும். உயரத்தில் சொன்னால், தொட்டித் தண்ணீர் மட்டத்துக்கும் குழாய்க்கும் 10 மீட்டர் வித்தியாசம் இருந்தால் ஏறக்குறைய 1 பார். அதனால் 0.5 பாருக்கு 5 மீட்டர் வேண்டும். தரைத்தள வீட்டுக்கு மூன்றாவது மாடி மேல் உள்ள தொட்டியிலிருந்து தாராளமாகக் கிடைக்கும். மேல் மாடி வீட்டில்தான் இடிக்கும். தொட்டி மொட்டை மாடியில் 1.5 மீட்டர் மேடையில் இருக்கிறது, தளத்தின் உயரம் 3 மீட்டர், சிங்க்குக்குக் கீழே குழாய் தரையிலிருந்து அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 4 மீட்டர், அதாவது 0.4 பார். மிஷின் தண்ணீருக்காகக் காத்திருந்து பிழை காட்டி நின்றுவிடும். பாஷ் மிஷின்களில் அந்தப் பிழை எண் இ18. புதிதாக வாங்கிய மிஷினே கோளாறு என்று நினைத்து சர்வீஸுக்கு ஃபோன் போடுவார்கள், வந்தவர் பிரஷர் பம்ப் வைக்கச் சொல்லிவிட்டுப் போவார்.

இதைப் பெட்டியைப் பிரிக்கும் முன்பே பார்த்துவிடலாம். டிஷ்வாஷருக்கு ஒதுக்கும் அதே குழாயை முழுதாகத் திறந்து, 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிறைகிறதா என்று பாருங்கள். நிறைந்தால் பயமில்லை. தொட்டி பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும் நேரத்தில் பார்ப்பது நல்லது.

அடுத்தது உப்புத் தண்ணீர். மிஷினுக்குள் தண்ணீரை மென்மையாக்கும் பகுதி இருக்கிறது. அது வேலை செய்ய டிஷ்வாஷர் உப்பு போட வேண்டும், நம் தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஏற்ற எண்ணை செட் செய்ய வேண்டும். இங்கே நடக்கும் தவறு டிடிஎஸ் மீட்டரை நம்புவது. டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் மொத்த உப்புகள். கடினத்தன்மை கால்சியமும் மக்னீசியமும் மட்டும். இரண்டும் ஒன்றல்ல. கடினத்தன்மைக்கென்று உள்ள டெஸ்ட் ஸ்ட்ரிப்பை நனைத்து எடுத்தால்தான் சரியாகத் தெரியும். கையேட்டில் ஜெர்மன் டிகிரியில் அட்டவணை இருந்தால், லிட்டருக்கு மில்லிகிராமில் வந்த அளவை 17.8 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க கடினத்தன்மை 200, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. டிகிரியில் இவை சுமார் 11, 34. பல மிஷின்கள் 50 டிகிரி வரை தாங்கும். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டுக்குக் குறைந்த எண்ணே போதும். சென்னையின் போர்வெல் வீட்டுக்கு மேல் எண்கள் தேவைப்படும். வெயில் காலத்தில் லாரித் தண்ணீரும் போர்த் தண்ணீரும் மாறி மாறித் தொட்டியில் விழும் அடுக்ககங்களில், இருப்பதிலேயே கடினமான தண்ணீருக்கு செட் செய்வதுதான் சரி. கொஞ்சம் உப்பு கூடச் செலவாகும், ஆனால் கண்ணாடி டம்ளர் வெள்ளை படியாது, ஹீட்டரில் சுண்ணாம்பு கட்டாது.

### கழிவு

கசிவுப் புகார்களில் பெரும்பகுதி மிஷினிலிருந்து வருவதில்லை, கழிவு வழியிலிருந்து வருகிறது. மிஷினுக்குள் இருக்கும் பம்ப் தண்ணீரைத் தள்ளும். தள்ளிய தண்ணீர் போக வழியில்லை என்றால் சிங்க்கில் பொங்கும், இல்லையேல் இணைப்பைப் பிய்த்துக்கொண்டு தரையில் கொட்டும்.

சிங்க்குக்குக் கீழே உள்ள பாட்டில் ட்ராப்பில் (கொஞ்சம் தண்ணீர் தங்கி நாற்றத்தைத் தடுக்கும் கிண்ணம்) டிஷ்வாஷர் ஹோஸுக்கென்று ஒரு மூக்கு இருந்தால் அதில் செருகி கிளிப் போடலாம். புது ட்ராப்பில் அந்த மூக்கின் உட்புறம் பிளாஸ்டிக் சவ்வால் அடைத்திருக்கும். அதை வெட்டி எடுக்காமலே ஹோஸை மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. மிஷின் ஓடிய பத்தாவது நிமிடத்தில் இ24 மாதிரி ஒரு கழிவுப் பிழை வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. அதே ட்ராப்பில் பருக்கையும் தேங்காய்த் துருவலும் கறிவேப்பிலையும் தங்கியிருந்தால் சிங்க் தண்ணீர் மெதுவாகவாவது இறங்கும், பம்ப் தள்ளும் தண்ணீர் மேலே வரும். இணைக்கும் முன் ட்ராப்பைக் கழற்றிக் கழுவுங்கள். ட்ராப்பே இல்லாமல் மெல்லிய சுருள் பைப் மட்டும் இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். 65, 70 டிகிரி தண்ணீர் தினமும் போனால் அது இளகித் தொய்ந்து, தொய்ந்த இடத்தில் கொழுப்பு சேரும்.

வாஷிங் மெஷினுக்குச் செய்வது போல ஹோஸைத் தரையில் உள்ள ஜாலிக்குள் விட்டுவிடலாமே என்று பலர் செய்கிறார்கள். ஹோஸின் முனை தாழ்ந்து கிடந்தால், மிஷின் தண்ணீர் பிடிக்கப் பிடிக்க அது தானாக உறிஞ்சப்பட்டு வெளியே ஓடும். பம்ப் ஓடாமலே தண்ணீர் காலியாகும், மிஷின் மறுபடி மறுபடி பிடிக்கும். ஹோஸை முதலில் கிரானைட்டின் அடிவரை மேலே ஏற்றி, அங்கே கட்டி, பிறகு கீழே இறக்க வேண்டும். முனையைக் குழாய்க்குள் காற்றுப்புகாமல் அடைக்கவும் கூடாது, கொஞ்சம் இடைவெளி வேண்டும். ஹோஸ் எந்த உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்பதும் கையேட்டில் இருக்கும். பல மாடல்களில் அது 1 மீட்டர்.

### இடம்

தனியாக நிற்கும் மிஷினின் உயரம் சுமார் 85 செ.மீ. மேல்மூடியைக் கழற்ற முடிகிற மாடல்கள் 82 செ.மீ. பக்கம் வரும். நம் சமையல் மேடையின் மேல்மட்டம் 82 முதல் 86 செ.மீ. இருந்தாலும், கான்கிரீட் பலகையும் கிரானைட்டும் போக அடியில் கிடைப்பது 75, 76 தான். அளக்கும்போது மேல்மட்டத்தை அளந்து ஏமாறுகிறார்கள். அளக்க வேண்டியது தரையிலிருந்து பலகையின் அடிப்பாகம் வரை, முன்னாலும் பின்னாலும். அகலத்துக்கு இரண்டு பக்கத்துக் கடப்பா கற்களுக்கு நடுவே மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளவெடுங்கள். கடப்பா கல் நேராக நிற்பது அபூர்வம். மேலே 61 இருந்து கீழே 59 இருந்தால் மிஷின் உள்ளே போகாது.

மேடைக்கடியில் இடமில்லை என்றால் சமையலறையை ஒட்டிய வேலைப் பகுதியில் வைப்பதே நல்லது. கல்லை அறுக்கும் வேலைக்கு மேஸ்திரி வந்தால் செலவும் தூசியும் மிஷின் மாட்டும் கூலியைப் பல மடங்கு தாண்டிவிடும்.

### வாரண்டி

வாரண்டி அட்டையில் "எங்கள் அங்கீகாரம் பெற்றவர் நிறுவினால் மட்டும்" என்ற வரி இருக்கிறதா என்று பெட்டியைப் பிரிப்பதற்கு முன் படியுங்கள். சில கம்பெனிகள் கேட்கும், சில கேட்காது. கேட்கும் கம்பெனி என்றால் நாமே மாட்டுவதில் மிச்சமாவது ஒன்றுமில்லை.

## வழி 1: நாமே மாட்டுவது

மூன்று பாயிண்டும் தயாராக இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து ஓர் அரைநாளில் நிதானமாக முடிக்கலாம். கையில் வேண்டியவை: ரசமட்டம், ஒரு ஸ்பேனர், டார்ச், வாளி, டிஷ்யூ பேப்பர்.

முதலில் டிஷ்வாஷர் ஹோஸை மாட்டப்போகும் குழாயைத் திறந்து ஒரு வாளித் தண்ணீரை வெளியே விடுங்கள். புது சிபிவிசி பைப்பில் அறுத்த துகள்களும் பசையும் இருக்கும். அவை ஹோஸின் வாயில் உள்ள சல்லடையில் போய் அடைத்தால் முதல் நாளே தண்ணீர் வரவில்லை என்ற பிழை வரும்.

ஹோஸின் நட் முக்கால் இன்ச். நம் வீட்டு ஆங்கிள் காக்கின் (சுவரில் இருக்கும் சிறு வால்வு) வாய் அரை இன்ச். இது பொருந்தாமல்தான் பலருடைய வேலை பாதியில் நிற்கிறது. கடையில் வாஷிங் மெஷின் டேப் (குழாய்) என்று கேட்டால் சுவர்ப் பக்கம் அரை இன்ச், வாய்ப் பக்கம் முக்கால் இன்ச் உள்ளது கிடைக்கும். டெஃப்லான் நாடா சுற்ற வேண்டியது சுவர்ப் பக்கத்து மரையில் மட்டும். ஹோஸ் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறது, அடைப்பது அதுதான். அங்கேயும் நாடா சுற்றினால் நட் கோணலாக ஏறி வாஷர் சரியாக உட்காராது. கையால் இறுகும்வரை முறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். பழைய வாஷிங் மெஷின் ஹோஸை மாட்டாதீர்கள், பெட்டியில் வந்த புதியதைத்தான் மாட்ட வேண்டும்.

குழாய்ப் பக்கம் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியோடு வரும் ஹோஸ் என்றால் அதற்குள் கசிவைத் தடுக்கும் மின்வால்வு இருக்கிறது. அந்த ஹோஸை வெட்டவோ, பெட்டியைத் தண்ணீரில் நனைக்கவோ கூடாது. கடப்பா கல்லில் ஓட்டை போடுவதற்கு முன் அந்தப் பெட்டியையும் பிளக்கையும் அளந்துகொள்ளுங்கள். சாதா ஹோஸுக்குப் போட்ட ஓட்டையில் இது நுழையாது.

மிஷினை உள்ளே தள்ளும்போது ஒருவர் தள்ள, இன்னொருவர் பக்கத்து அலமாரியிலிருந்து ஹோஸ்களை இழுத்துக்கொண்டே வர வேண்டும். பின்னால் ஹோஸ் மடிந்து நசுங்குவது கண்ணுக்குத் தெரியாது. தள்ளி முடித்த பிறகு, உள்ளே இழுத்த நீளம் முழுதும் வந்துவிட்டதா என்பதுதான் ஒரே சாட்சி. பிறகு கால்களைத் திருகி, ரசமட்டத்தை முன்பின்னாகவும் குறுக்காகவும் வைத்துச் சமன் செய்யுங்கள். சாய்ந்திருந்தால் கதவின் கீழ் விளிம்பில் கசியும், கதவும் உரசும்.

மேடைக்கடியில் வைக்கும் மிஷினைப் பிடிமானம் இல்லாமல் விடாதீர்கள். கதவைத் திறந்து, பாத்திரம் நிறைந்த கீழ்த்தட்டை இழுத்தால் மிஷின் முன்னால் குடைசாயக்கூடும். கிரானைட்டில் திருகு இறங்காது என்பதால் பக்கத்து அலமாரிப் பலகையில் பிடிப்பு போட வேண்டும்.

உப்புத் தொட்டியில் முதல் தடவை மட்டும் சுமார் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றி, பிறகு டிஷ்வாஷர் உப்பு போடுங்கள். சமையல் உப்பு வேண்டாம். உப்பு போட்ட கையோடு மிஷினை ஓடவிட வேண்டும். சிந்திய உப்புக் கரைசல் ஸ்டீல் மேல் கிடந்தால் துரு ஏறும். பாத்திரம் கழுவும் பவுடரை உப்புத் தொட்டியில் கொட்டிவிட்டால் மென்மையாக்கும் பகுதியே பாழாகிவிடும். புதிதாகப் பயன்படுத்துகிறவர்கள் அதிகம் செலவழிக்க நேர்வது இந்தத் தவறுக்குத்தான்.

சோதனை ஓட்டம்: பாத்திரம் இல்லாமல் ஒரு முறை. தண்ணீர் பிடிக்கும்போதும், கழிவு வெளியேறும்போதும் ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் பேப்பரில் தெரியும். மறுநாள் காலையிலும் ஒரு முறை பாருங்கள். குழாயை மூடிவிட்டுப் படுக்கும் பழக்கத்தை முதல் ஒரு வாரமாவது வைத்துக்கொள்வது நல்லது.

மறைந்திருக்கும் செலவு: கசிந்தால் பொறுப்பு முழுக்க நம்முடையது. தனி வீடு என்றால் தரை நனையும், அவ்வளவே. அடுக்ககத்தில் கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்தால் பெயின்ட் செலவு நம் தலையில் விழும். மரப் பலகை அலமாரி ஒருமுறை நனைந்து உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது.

## வழி 2: கம்பெனி ஆள்

புது மிஷின் வாங்கினால் முதலில் பரிசீலிக்க வேண்டிய வழி இதுதான். பல கம்பெனிகள் நிறுவுதலையும் செயல்விளக்கத்தையும் இலவசமாகத் தருகின்றன. அவர் அந்த மாடலை நூறு வீட்டில் பார்த்தவர். கடினத்தன்மையைச் சோதித்து எண்ணை செட் செய்துவிடுவார். குழம்புச் சட்டியையும் இட்லித் தட்டையும் எப்படி அடுக்கினால் தண்ணீர் படும் என்று காட்டுவார். வந்த மிஷினில் அடி நசுங்கியிருந்தாலோ உள்ளே ஏதாவது உடைந்திருந்தாலோ அவர் முன்னிலையிலேயே பதிவாகிவிடும். நாமே மாட்டிய பிறகு அதைச் சொன்னால் வாதம் வளரும்.

ஆனால் அவருடைய வேலை மிஷினின் ஹோஸையும் பிளக்கையும் தயாராக உள்ள பாயிண்டில் சேர்ப்பது மட்டும். புது கரண்ட் லைன் இழுக்க மாட்டார், சுவரில் ஓட்டை போட மாட்டார், சிங்க் ட்ராப்பை மாற்ற மாட்டார். பாயிண்ட் இல்லை என்றால் எழுதிவைத்துவிட்டுப் போவார், அடுத்த வருகைக்கு மறுபடியும் காத்திருக்க வேண்டும். இரண்டாவது வருகைக்குக் காசு கேட்கும் இடங்களும் உண்டு.

ஃபோனில் நேரம் குறிக்கும்போதே இவற்றைக் கேட்டுவிடுங்கள்: நிறுவுதல் முழுக்க இலவசமா? டேப், நீள ஹோஸ், கழிவு இணைப்பு இவற்றுக்குத் தனி விலையா? மேல்மூடியைக் கழற்றி மேடைக்கடியில் தள்ளித் தருவாரா, வெளியே வைத்து மாட்டிக் காட்டிவிட்டுப் போவாரா? கடைசிக் கேள்விக்கு "வெளியே வைத்துத்தான்" என்று பதில் வருவது உண்டு.

மறைந்திருக்கும் செலவு: இலவச நிறுவுதலோடு உப்பு, பவுடர், ஸ்டாண்ட், கவர், வருடாந்திர ஒப்பந்தம் எல்லாம் விற்கப்படும். உப்பும் பவுடரும் எப்படியும் தேவை, ஆனால் விலையைக் கடையோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். ஸ்டாண்டின் மேல் ஏற்றினால் மேடைக்கடியில் நுழையாது. வேலை முடிந்ததற்கான ஓடிபியைச் சோதனை ஓட்டம் முடிந்து கழிவு வெளியேறுவதைக் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள். அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரத்தில் முன்கூட்டியே கேட்பார்கள். ஓடிபி போனால் கம்பெனி கணக்கில் வேலை முடிந்துவிட்டது.

## வழி 3: உள்ளூர் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும்

பாயிண்ட் இல்லாத வீட்டுக்கு இவர்கள் இல்லாமல் ஒன்றும் நடக்காது. புது 16 ஆம்பியர் லைன் இழுப்பது உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. அதை நாமே செய்து மிச்சம் பிடிக்கும் யோசனையே வேண்டாம். செலவு டிபி பாக்ஸிலிருந்து சமையலறைக்கு உள்ள தூரத்தையும், சுவரை வெட்டுகிறோமா, மேலே கேசிங் (ஒயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை) போடுகிறோமா என்பதையும் பொறுத்தது. வாடகை வீட்டுக்குக் கேசிங் போதும்.

பிளம்பரிடம் "டிஷ்வாஷர் மாட்டணும்" என்று பொதுவாகச் சொல்லக் கூடாது. பலர் வாஷிங் மெஷின் அனுபவத்தை வைத்தே செய்வார்கள். ஹோஸை நேராக ஜாலிக்குள் விடுவார்கள், பிளாஸ்டிக் நட்டைப் பைப் ரெஞ்ச் போட்டு முறுக்குவார்கள். "நல்லா டைட்டா வச்சிருக்கேன் சார்" என்பது இங்கே நல்ல செய்தி இல்லை. பிளாஸ்டிக் நட் அன்றைக்கு உடையாது, ஒரு மாதம் கழித்து நள்ளிரவில் வெடிப்பு விடும். ஆகவே அவரிடம் கேட்க வேண்டியது பாயிண்ட் மட்டும்: சிங்க்குக்குக் கீழே தனி டேப், வாய் முக்கால் இன்ச். ட்ராப்பில் ஹோஸ் மூக்கு, சவ்வு வெட்டியது. கடப்பா கல்லில் இன்ன அளவு ஓட்டை.

மறைந்திருக்கும் செலவு: மிஷினையும் இவர்களே மாட்டி, பிறகு கசிந்தால் பொறுப்பு யாருடையது என்பதில் தகராறு வரும். பிளம்பர் மிஷினில் கோளாறு என்பார், கம்பெனி பிளம்பிங் கோளாறு என்னும். இருவருக்கும் நடுவில் நாம் துணியைப் பிழிந்துகொண்டிருப்போம். பாயிண்டை முடித்ததும் டேப்பைத் திறந்து வாளி நிறைகிறதா, சிங்க் நிறையத் தண்ணீர் விட்டு ஒரேயடியாக இறக்கினால் ட்ராப்பில் கசிகிறதா என்று பார்த்துவிட்டுக் கூலியைக் கொடுத்தால் இந்தத் தகராறுக்கு இடமிருக்காது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | நாமே | கம்பெனி ஆள் | உள்ளூர் ஆட்கள் |
|---|---|---|---|
| பாயிண்ட் தயாராக இருந்தால் | அரைநாளில் முடியும் | சில நாள் காத்திருப்பு, ஒரே வருகை | தேவையில்லை |
| பாயிண்ட் இல்லாவிட்டால் | முடியாது | வந்து திரும்புவார் | இவர்கள்தான் முதலில் |
| கைக்காசு | டேப், கிளிப், சில உதிரிகள் | நிறுவுதல் பெரும்பாலும் இலவசம், உதிரிகள் தனி | கூலி, ஒயர், எம்சிபி, ட்ராப் |
| வாரண்டி | அட்டையைப் படித்தே தீர வேண்டும் | கவலையில்லை | மிஷினைத் தொடாதவரை கவலையில்லை |
| அதிகம் நடக்கும் தவறு | அடைப்புச் சவ்வு, கோணல் நட், நசுங்கிய ஹோஸ் | அவசரம், பாதிச் சோதனை | அதிக இறுக்கம், தாழ்ந்த கழிவு ஹோஸ் |
| கசிந்தால் பொறுப்பு | நாம் | கம்பெனியைக் கேட்கலாம் | தகராறு |

## எந்த வீட்டுக்கு எது

புது மிஷின், பாயிண்ட் இல்லாத சொந்த வீடு. பெரும்பாலானவர்களின் நிலை இது. உள்ளூர் ஆட்களை வைத்து பாயிண்டை முடித்துவிட்டு, கம்பெனி ஆளை வைத்து மாட்டுங்கள். மிஷினை ஆர்டர் செய்த அன்றே கையேட்டைக் கம்பெனி இணையதளத்தில் இறக்கி, அளவுப் படத்தை எலக்ட்ரீஷியனிடமும் பிளம்பரிடமும் காட்டினால் பெட்டி வருவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

புது மிஷின், பாயிண்ட் உள்ள அடுக்ககம். கம்பெனி ஆளுக்காகக் காத்திருங்கள். நாலு நாள் கையால் கழுவுவது பெரிய இழப்பில்லை. அதுவரை பெட்டியை நிமிர்த்தியே வையுங்கள், பிரிக்காதீர்கள். பெட்டியைப் பிரிப்பதே அவர் முன்னால் நடந்தால் அடிபட்ட மிஷின் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

வாடகை வீடு, அடிக்கடி மாறுகிறவர்கள். நாமே மாட்டக் கற்றுக்கொள்வதன் முழுப் பலன் இவர்களுக்கு. 11 மாத ஒப்பந்தம் முடிந்து வீடு மாறும்போதெல்லாம் கழற்ற ஒரு கூலி, மாட்ட ஒரு கூலி கொடுக்க வேண்டியதில்லை. முதல் தடவை கம்பெனி ஆள் மாட்டும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு இணைப்பையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாறும்போது மிஷினின் கழிவு புரோகிராமை ஓட்டித் தண்ணீரை வெளியேற்றி, ஹோஸ்களை மிஷினோடு கட்டி, நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். படுக்கவைத்தால் உள்ளே மிஞ்சிய தண்ணீர் அடித்தட்டில் இறங்கும், புது வீட்டில் போட்டதும் கசிவுப் பிழை காட்டும். பாஷில் அது இ15. புது வீட்டில் ஒவ்வொரு முறையும் எர்த்தை மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். இந்த ஒரு செலவைக் குறைக்காதீர்கள்.

பழைய மிஷினுக்குப் பதில் அதே அளவில் புது மிஷின். நாமே மாட்டுவதற்கு இதைவிட ஏற்ற இடமில்லை. பாயிண்ட் எல்லாம் ஏற்கெனவே ஓடிப் பார்த்தவை. வாரண்டி வரி தடுக்கவில்லை என்றால் தயங்க வேண்டாம். பழைய ஹோஸை மட்டும் தூக்கி எறிந்துவிடுங்கள்.

8 செட் அல்லது அதற்குக் குறைந்த மேசை மேல் மிஷின். எடை குறைவு, சிங்க் பக்கத்திலேயே வைக்கலாம், கழிவை சிங்க்கிலேயே விடலாம். 16 ஆம்பியர் பாயிண்டும் நல்ல எர்த்தும் இருந்தால் நாமே மாட்டலாம். மேடை மேல் நிற்பதால் அடுப்புக்கு அருகில் வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அலமாரிக் கதவுக்குப் பின்னால் மறையும் மாடல். இதில் கைவைக்காதீர்கள். கதவுப் பலகையின் எடைக்கு ஏற்ப ஸ்பிரிங்கை முறுக்க வேண்டும், பலகையைத் துளையிடும் அளவு மில்லிமீட்டர் பிசகினாலும் கதவு பக்கத்து அலமாரியை உரசும். தச்சரும் கம்பெனி ஆளும் ஒரே நாளில் வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். தனித்தனியாக வந்தால் ஒருவர் போட்ட ஓட்டையை மற்றவர் மாற்றிப் போட வேண்டியிருக்கும்.